பகல்ல 45, ராத்திரி 75: தொட்டிக்குள்ள ஈரப்பதம் நிக்கவே மாட்டேங்குது

புதுச்சட்டை
எல்லாருக்கும் வணக்கம். பால் பைத்தான் (Ball python, ஒரு வகை மலைப்பாம்பு) வளர்க்கிறேன், இன்னும் இளசுதான். கண்ணாடித் தொட்டி, 120க்கு 60க்கு 60 செ.மீ., மேல கம்பி வலை மூடி. வலைக்கு மேல வலது ஓரத்துல செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்ல (வெப்பத்தைக் கட்டுப்படுத்துற கருவி) மாட்டியிருக்கேன். தரையில ரெண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். முள் வச்ச ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்குறது) ஒண்ணு சூடான பக்கத்துக் கண்ணாடியில ஒட்டியிருக்கு.

பகல்ல அந்தப் பக்கம் 32 டிகிரி, ஈரப்பதம் 45. ராத்திரி 25க்கு இறங்கும்படி செட் பண்ணியிருக்கேன், அப்போ 75. காலையிலயும் சாயங்காலமும் ஸ்ப்ரே அடிக்கிறேன். அடிச்ச உடனே 80க்கு எகிறுது, கொஞ்ச நேரத்துல திரும்ப 45. போன தடவை சட்டை துண்டு துண்டா உரிஞ்சது, வால் நுனியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கு. ஃபாகர் (பனிமூட்டம் மாதிரி நுண்துளி விடுற கருவி) வாங்கலாமா, இல்ல வலையை மொத்தமா மூடிடலாமா?

வேலியோணான்
ஃபாகர் போடுங்க, டைமர்ல விடுங்க, வேலை முடிஞ்சது. செராமிக் ஹீட்டரையும் மாத்துங்க, அது காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிடும். என் கூண்டுல ஹாலஜன் பல்புதான்.

கார்மேகம்
ரெண்டுமே அவசரத் தீர்ப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்.

ஹைக்ரோமீட்டர் காட்டுறது காத்துல எவ்வளவு தண்ணி இருக்குங்கிறதை இல்ல. அந்த வெப்பநிலையில காத்து தாங்கக்கூடிய அளவுல எத்தனை சதவீதம் இருக்குங்கிறதைத்தான் காட்டுது. பள்ளிக்கூடத்துல ஒப்பு ஈரப்பதம்னு படிச்சோமே, அதேதான். ஒரு கன மீட்டர் காத்து 25 டிகிரியில சுமார் 23 கிராம் நீராவி தாங்கும். 32 டிகிரியில கிட்டத்தட்ட 34 கிராம்.

உங்க ராத்திரி 75 சதவீதம்னா, கன மீட்டருக்கு 17 கிராம் சொச்சம். இதே காத்தை ஒரு சொட்டுத் தண்ணியும் வெளிய விடாம 32 டிகிரிக்குச் சூடாக்குனா, மீட்டர் 51 காட்டும். ஆக 75லருந்து 51 வரைக்கும் இறங்குறது எந்தக் குறையும் இல்ல, வெறும் கணக்கு. 51லருந்து 45க்கு இறங்குறதுதான் நிஜமாவே வலை வழியா போன ஈரம்.

இன்னொண்ணு. சூடான பக்கம் 45 காட்டுற அதே நேரத்துல, அதே காத்து குளிர்ந்த பக்கம் 26 டிகிரியில 62 சதவீதம் காட்டும். உங்க பாம்பு நாள் முழுக்க எந்தப் பக்கம் படுத்திருக்கு?

வேலியோணானுக்கு: எந்த ஹீட்டரும் தண்ணியை உறிஞ்சாது. ஹாலஜன் போட்டு அதே 32 டிகிரிக்கு ஏத்துனாலும் சதவீதம் அதே அளவுக்குத்தான் இறங்கும். வலை மேல எந்தச் சூடு இருந்தாலும் வெதுவெதுப்பான காத்து மேல போய் வெளியேறும், அதுக்குப் பதிலா அறையோட உலர்ந்த காத்து உள்ள வரும். அந்த ஓட்டம்தான் ஈரத்தைத் தூக்கிட்டுப் போகுது. ஹாலஜனுக்கு வேற நல்லது உண்டு, அதோட அகச்சிவப்புக் கதிர் தோலுக்குள்ள கொஞ்சம் ஆழமாப் போகும். செராமிக்கோட சூடு மேல்தோலோட நிக்கும். அது தனி விஷயம்.

புதுச்சட்டை
பெரும்பாலும் இடது பக்கம், அதாவது குளிர்ந்த பக்க மறைவிடத்துலதான் இருக்கு. ராத்திரி மட்டும் சுத்தும்.

நார்த்தூள்
அப்போ முதல்ல மீட்டரை அங்க மாத்துங்க. அதுக்கும் முன்னாடி அந்த முள் மீட்டரை நம்பலாமான்னு பாருங்க. என் அனுபவத்துல பாதிக்கு மேல பொய் சொல்லும்.

உப்புச் சோதனை பண்ணுங்க. ஒரு பாட்டில் மூடியில சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகுற அளவுக்கு மட்டும் தண்ணி விடுங்க. உப்பு கரைஞ்சு தண்ணியா நிக்கக் கூடாது. அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் பையில போட்டு, காத்து கொஞ்சம் இருக்கும்படி மூடி, வெயில் படாத இடத்துல ராத்திரி முழுக்க வைங்க. உப்பு மீட்டர் மேல படாமப் பார்த்துக்கோங்க. சாதாரண அறை வெப்பத்துல பைக்குள்ள 75 சதவீதத்துல வந்து நிக்கும். உங்க மீட்டர் 75லருந்து எவ்வளவு தள்ளிக் காட்டுதோ அதுதான் அதோட பிழை.

செதில்
இவ்வளவு கணக்கு எதுக்குங்க? பாம்பைப் பார்த்தாலே தெரியும். தண்ணிக் கிண்ணத்துலயே ஊறிக்கிட்டிருந்தா ரொம்பச் சூடு, இல்ல ரொம்ப வறட்சி, இல்ல உடம்புல உண்ணி. சூடான பக்கத்தை விட்டு நகரவே இல்லன்னா மொத்தத் தொட்டியும் குளிர். நாங்க ஆரம்பிச்ச காலத்துல ஹைக்ரோமீட்டர் ஏது?

கார்மேகம்
நடத்தையைப் பார்க்கணும்னு சொல்றது சரி. ஆனா பாம்பு மூணு காரணத்துக்காகத் தண்ணியில ஊறும்னு நீங்களே சொல்றீங்க. எந்தக் காரணம்னு மீட்டர் இல்லாம எப்படிப் பிரிப்பீங்க?

அதுவும் இல்லாம, விலங்கு நடத்தையில பதில் சொல்லணும்னா தேர்ந்தெடுக்க இடம் இருக்கணும். கௌல்ஸும் போகர்ட்டும் 1944ல பாலைவன ஊர்வன பத்தி எழுதின ஆய்வுலருந்தே இது தெரிஞ்ச விஷயம்: அதுங்க வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிபண்ணிக்கும். தொட்டி முழுக்க 30 டிகிரின்னு ஒரே சீரா வச்சோம்னா அந்த வேலையை நாம பிடுங்கிட்டோம்னு அர்த்தம். பால் பைத்தானுக்கு ஒரு பக்கம் 31லருந்து 33, இன்னொரு பக்கம் 25லருந்து 27. நடுவுல சரிவா இறங்கணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைவிடம் வேணும். ஒரு பக்கம் மட்டும் வச்சா, பாதுகாப்புக்காகத் தேவையில்லாத சூட்டுல போய் உட்காரும், நீங்களும் "சூடு பிடிச்சிருக்கு போல"ன்னு நினைப்பீங்க.

நோய் வந்த பல்லிகூட இதைத்தான் பண்ணுது. 1975ல க்ளூகரும் கூட்டாளிகளும் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமி ஏத்திப் பார்த்தாங்க. வெவ்வேறு வெப்பத்துல வச்சதுல அதிகச் சூட்டுல இருந்ததுங்கதான் கூடுதலா பிழைச்சது. நமக்குக் காய்ச்சல் உள்ள இருந்து வரும், அதுங்க சூடான இடத்தைத் தேடிப் போய் வரவழைச்சுக்கணும். அதனாலதான் சரிவு முக்கியம்னு அடிச்சுச் சொல்றேன்.

நார்த்தூள்
ஸ்ப்ரே ஏன் நிக்கலங்கிறதுக்கும் கார்மேகம் கணக்கையே நீட்டிப் பாருங்க. அந்தத் தொட்டியோட கொள்ளளவு சுமார் 430 லிட்டர். அதுக்குள்ள இருக்கிற மொத்தக் காத்துலயும் உள்ள நீராவி வெறும் 6, 7 கிராம். ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும். நீங்க எவ்வளவு அடிச்சாலும் காத்து அவ்வளவுதான் பிடிச்சு வைக்கும், மிச்சம் கண்ணாடியில வழியும், மேல்தரையை நனைக்கும். அந்த 7 கிராமும் காத்தோட சேர்ந்து வலை வழியா வெளியே போய்க்கிட்டே இருக்கு.

சேமிப்பு காத்துல இல்ல, தரையில இருக்கணும். ரெண்டு விரல் உயரம் போதாது. 8லருந்து 10 செ.மீ. போடுங்க. வெறும் நார்த்தூள் மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு தூசியாகும், கொஞ்சம் ரசாயன உரம் கலக்காத மண்ணும் மேல காஞ்ச இலைச்சருகும் சேர்த்தா நல்லா நிக்கும். தண்ணியை மேல தெளிக்காதீங்க, நாலு மூலையிலயும் மெல்ல ஊத்துங்க. அடியில போய்ப் பரவும், மேல்பக்கம் உலர்ந்தே இருக்கும். ஈரமான மேல்தரையில நாள் கணக்கா படுத்தா வயித்துச் செதில் சிவந்து, கொப்புளம் வந்து, அழுக ஆரம்பிக்கும்.

அளவு தெரியணும்னா அடியிலருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிங்க. விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு எட்டிப் பார்க்கணும். தாரையா வழிஞ்சா அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்து கொட்டுனா போதாது. உருண்டையா நின்னு, விரலால தட்டினா உடையணும்.

ராத்திரிப்பல்லி
இடையில ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. என்கிட்ட லெப்பர்டு கெக்கோ (ஒரு வகைப் பல்லி). அதுக்கு 30, 40 சதவீதம்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா விரல்ல சட்டை ஒட்டுது. அதுக்கும் ஆழத் தரையா?

நார்த்தூள்
இல்ல, அதுக்கு ஈர மறைவிடம் போதும். மூடி உள்ள சின்ன டப்பா, பக்கத்துல ஒரு ஓட்டை, உள்ள நனைச்சுப் பிழிஞ்ச ஸ்ஃபேக்னம் பாசி. சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில வைங்க. தொட்டி 35 சதவீதத்துல இருந்தாலும் டப்பாக்குள்ள 70, 80 இருக்கும். வறண்ட பூமியிலயும் அதுங்க பகல்ல வளைக்குள்ள, பாறையிடுக்குல கிடக்கும். அங்க வெளியில இருக்கிற வறட்சி இருக்காது.

விரல்ல ஒட்டினதை அலட்சியமா விடாதீங்க. காஞ்ச தோல் வளையமா இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும், விரலே போயிடும். வெதுவெதுப்பான ஈரத்துணியில கொஞ்ச நேரம் விட்டு, ஊறினப்புறம் பஞ்சுக்குச்சியால தள்ளுங்க. காஞ்சபடி இழுக்கவே கூடாது. புதுச்சட்டை, உங்க பாம்போட வால் நுனிக்கும் இதேதான். கண்ணு மேல உள்ள மூடி உரியாம இருந்தா நீங்க தொடாதீங்க, அதை ஊர்வன தெரிஞ்ச கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

வேலியோணான்
எல்லாரும் ஃபாகரைக் கழுவி ஊத்துறீங்க. என் பச்சோந்திகளுக்கு ராத்திரி ஃபாகர்தான் ஓடுது, நல்லாத்தான் இருக்கு.

கார்மேகம்
பச்சோந்திக்கு நான் மறுக்கல. அது நாலு பக்கமும் வலைக்கூண்டு, ராத்திரி வெப்பம் நல்லா இறங்குது, காத்து தாராளமா ஓடுது, காலையில எல்லாம் காஞ்சிடுது. இதே ஃபாகரைக் காத்து ஓடாத கண்ணாடித் தொட்டியில விட்டா வேற கதை. எங்க பார்த்தாலும் நனையும், பூஞ்சை பிடிக்கும். ஃபாகர் தொட்டித் தண்ணியைத் தினமும் மாத்திக் கழுவலன்னா அதுல வளர்ற பாக்டீரியாவையும் நுண்துளியாக்கி நேரா நுரையீரலுக்கு அனுப்பும். குழாய்த் தண்ணியா இருந்தா உப்பு வெள்ளைத் தூசியாப் படியும். காய்ச்சி வடித்த நீர் போடணும். இவ்வளவும் பண்ணத் தயார்னா போடுங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னும் ஒண்ணு, ஈரம் கூடினா மட்டும் மூச்சுக்குழாய் நோய் வராது. ஈரமும் குளிரும் தேங்குன காத்தும் சேரும்போதுதான் ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு விடுறது, விசில் சத்தம், மூக்குல நுரை, இதுல எது தெரிஞ்சாலும் இங்க வந்து கேட்காதீங்க, மருத்துவர்கிட்ட போங்க.

செதில்
தாடி டிராகன்ங்கிற பல்லி வெயில் காயும்போது வாயைப் பிளந்துக்கிட்டு உட்காரும், அது நோய் இல்ல. புதுசா வளர்க்கிறவங்க பயந்துடப் போறாங்க. அது 38, 40 டிகிரிக் கல் மேல உட்கார்ந்து உடம்பு போதுமான அளவு சூடானதும் பண்றது. பாம்பு பண்ணினாதான் கவலை.

புதுச்சட்டை
உப்புச் சோதனை பண்ணிட்டேன். முள் மீட்டர் 75க்குப் பதிலா 62 காட்டுது! கூட ஒரு டிஜிட்டல் மீட்டரையும் போட்டேன், அது 73. அப்போ என்னோட 45ங்கிறதே 45 இல்லையா? டிஜிட்டலை இடது பக்கம் தரையோரமா வச்சா பகல்ல 66 காட்டுது.

கார்மேகம்
பாருங்க. பிரச்சினையில பாதி மீட்டர்லயே இருந்திருக்கு. முள் மீட்டர் எல்லா இடத்துலயும் 13 குறைச்சுத்தான் காட்டும்னு சொல்ல முடியாது, அதனால அந்தப் பழைய எண்களை அப்படியே மறந்துடுங்க. நான் போட்ட கணக்குல முறை சரி, எண்களைப் புது மீட்டர்ல திரும்ப எடுத்துக்கோங்க. 66 நல்ல இடம். கண்ணு பால் நீலமா மாறும்போது, அதாவது சட்டை உரிக்கத் தயாராகும்போது, 70க்கு மேல கொஞ்சம் ஏத்திக்கலாம்.

புதுச்சட்டை
அப்போ சட்டை ஏன் துண்டா வந்துச்சு?

நார்த்தூள்
வலையும் மெலிசான தரையும்தான் என் சந்தேகம். ஸ்ப்ரே அடிச்சு ஏத்தி இறக்கி வச்சிருக்கீங்க, சராசரி என்னன்னு உங்களுக்கே தெரியாது. டிஜிட்டல் மீட்டர்ல குறைந்தபட்சம், அதிகபட்சம் பதிவாகும், அதைப் பாருங்க. இப்ப காட்டுற ஒரு எண்ணை விட அந்த ரெண்டு எண்ணும்தான் சொல்லும். சொரசொரப்பான மரக்கட்டை, கல் உள்ள இருக்கா? உரசி உரிக்க எதுவும் இல்லன்னாலும் துண்டாத்தான் வரும்.

வலையில முக்கால்வாசியை மூடுங்க, மொத்தமா வேண்டாம். ஹீட்டரைச் சுத்தி ஒரு சாண் விட்டுட்டு மிச்சத்துக்கு அக்ரிலிக் தகடு. ஹீட்டருக்குப் பக்கத்துல மூடணும்னா அலுமினிய ஃபாயில் டேப்தான், பிளாஸ்டிக் உருகும். காலையில கண்ணாடியில பனி பிடிச்சு மதியத்துக்குள்ள காய்ஞ்சா சரி. நாள் முழுக்க வழிஞ்சுக்கிட்டே இருந்தா ஒரு பக்கம் திறந்து விடுங்க. பூஞ்சைக்கு ஸ்பிரிங்டெயில் பூச்சி விட்டா அதுங்களே தின்னுடும், தரையைக் கொட்டி மாத்துற வேலை மிச்சம்.

செதில்
ஹீட்டர் பக்கம் யாரும் பேசல. தெர்மோஸ்டாட்டோட உணர்வி (சென்சார்) எங்க இருக்கு?

புதுச்சட்டை
தரையில, ஹீட்டருக்கு நேர் கீழ. சும்மா வச்சிருக்கேன், ஒட்டல.

செதில்
இதுதான் இந்த இழையிலயே பயமான வரி. பாம்பு ஒரு தடவை உருண்டாலே உணர்வி குளிர்ந்த பக்கம் போயிடும். தெர்மோஸ்டாட் "ஐயோ, 26 தான் இருக்கு"ன்னு ஹீட்டரை நிறுத்தவே நிறுத்தாது. தண்ணிக் கிண்ணம் கவிழ்ந்து உணர்வி நனைஞ்சாலும் அதே கதி, ஈரம் ஆவியாகும்போது குளிர்ந்து குறைச்சுக் காட்டும். தொட்டிக்கு வெளிய விழுந்துட்டா கேட்கவே வேண்டாம். கேபிளைக் கிளிப் வச்சுக் கண்ணாடியில இறுக்குங்க. டேப் வேண்டாம், செதில்ல ஒட்டிக்கிட்டு உரியும்.

தெர்மோஸ்டாட் உள்ள இருக்கிற ரிலே (சுவிட்ச்) 'ஆன்' நிலையிலயே ஒட்டிக்கிட்டுப் போறதும் உண்டு. அதுக்கு ரெண்டு காவல். ஒண்ணு, தேவைக்கு மேல வாட் உள்ள ஹீட்டர் வாங்காதீங்க. தெர்மோஸ்டாட் இல்லாம நாள் முழுக்க ஓடினாலும் குளிர்ந்த பக்கம் 30ஐத் தாண்டாத அளவுக்கு வாட் இருந்தா, பழுதானாலும் பாம்பு ஒதுங்கிப் பிழைச்சுக்கும். ரெண்டாவது, முதல் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி தொடர்ச்சியா இன்னொரு சாதா ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் மாட்டி, 3 டிகிரி மேல வச்சுடுங்க. முதலாவது சொதப்பினா ரெண்டாவது வெட்டும்.

வேலியோணான்
ஹாலஜனுக்கு ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் போட்டா பல்பு மினுக்கிக்கிட்டே சீக்கிரம் போயிடும்னு சேர்த்துச் சொல்லுங்க. அதுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் வகை. செராமிக்குக்கு விட்டு விட்டு மின்சாரம் தர்ற பல்ஸ் வகை. தொட்டிக்கு அடியில வைக்கிற ஹீட் மேட்டுக்குச் சாதா ஆன்-ஆஃப் போதும். ராத்திரிச் சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம், அதுங்களுக்கு வெளிச்சம் தெரியும், தூக்கம் கெடும்.

செதில்
ஹீட் மேட் மேல கனமா மண்ணைப் போட்டு, மண்ணுக்கு மேல உணர்வி வைக்கிறவங்களும் இருக்காங்க. மேல 30 வர்றதுக்குள்ள கண்ணாடித் தளம் 45ஐத் தாண்டியிருக்கும். பாம்பு தோண்டிக்கிட்டு அடியில போய்ப் படுக்கும். ஊர்வனங்க வயித்துச் சூட்டுக்கு உடனே விலகாது, வெந்தப்புறம்தான் நமக்கே தெரியும். சூடேத்துற செயற்கைக் கல்லை நான் யாருக்குமே சொல்றதில்ல.

ராத்திரிப்பல்லி
எனக்கு எதிர்ப் பிரச்சினையும் ஒண்ணு. க்ரெஸ்டெட் கெக்கோவும் இருக்கு. கோடையில அறையே 30ஐத் தொடுது. ஹீட்டரே இல்ல. ஸ்ப்ரே அடிச்சா குளிருமா?

கார்மேகம்
காத்து உலர்ந்திருந்தா ஆவியாகி ஒண்ணு ரெண்டு டிகிரி இறங்கும். ஏற்கெனவே 80 சதவீதம் இருந்தா அதிகம் ஆவியாகாது, சூடும் ஈரமும் சேர்ந்து புழுக்கம்தான் மிஞ்சும். க்ரெஸ்டெட் கெக்கோவுக்கு 22லருந்து 26 சுகம், 28ஐத் தாண்டிட்டா தவிக்க ஆரம்பிக்கும், 30ல நீண்ட நேரம் விடக் கூடாது. அறையைத்தான் குளிர வைக்கணும், தொட்டியை இல்ல. ஏசி முடிஞ்சா ஏசி. இல்லன்னா தொட்டியை அலமாரி மேலருந்து தரைக்கு இறக்குங்க, தரையோரம் எப்பவும் சில்லுனு இருக்கும். பகல் விளக்குல சூடு வர்றதை நிறுத்தி எல்இடிக்கு மாறுங்க. அவசரத்துக்கு உறைய வச்ச தண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி வலை மேல ஒரு ஓரமா வைங்க. உள்ள வைக்காதீங்க. ஸ்ப்ரே ராத்திரி நல்லா அடிச்சு, பகல்ல 50 சதவீதம் வரைக்கும் காய விடுங்க.

புதுச்சட்டை
எல்லாம் செஞ்சாச்சு. ஆழத் தரை, முக்கால் வலை மூடியாச்சு, உணர்வியைக் கிளிப்ல கட்டியாச்சு. ஸ்ப்ரே அடிக்காமலே குளிர்ந்த பக்கம் 61லருந்து 72க்குள்ள நிக்குது. ஒரே ஒரு குழப்பம்: உணர்வி தரையிலருந்து ஒரு சாண் மேல காத்துல இருக்கு, தெர்மோஸ்டாட் 32. ஆனா அகச்சிவப்பு வெப்பமானியால கல் மேல அடிச்சா 36 காட்டுது. எதை நம்பறது?

செதில்
ரெண்டும் உண்மை. ஒண்ணு காத்து, இன்னொண்ணு கல்லோட மேற்பரப்பு. பாம்பு படுக்கப் போறது கல் மேல, அதனால கல்லுக்கு 32, 33 வர்ற வரைக்கும் தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியா இறக்குங்க. கடைசியில அதுல 28ன்னு இருந்தாலும் கவலைப்படாதீங்க, அது வெறும் திருகுல வைக்கிற எண். வெப்பமானியைக் கண்ணாடி வழியா அடிக்காதீங்க, கண்ணாடியோட சூட்டைத்தான் சொல்லும். மூடியைத் திறந்து, கிட்டத்துல இருந்து, பளபளப்பான உலோகத்தைத் தவிர்த்துட்டு அடிங்க.

புதுச்சட்டை
29ல வச்சதும் கல் 33 காட்டுது. ரொம்ப நன்றி எல்லாருக்கும். வால் நுனி ஒட்டும் ஈரத்துணியில வந்துடுச்சு.

மட்டுறுத்துநர்
ஆமை, இகுவானா கேள்விகள் எனக்குத் தனிமடலில் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் அளவுகள் வேறு, தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். தொட்டியின் அளவு, மூடியின் வகை, உணர்வி இருக்கும் இடம், இரு பக்கமும் பகல் இரவு அளவுகள் ஆகியவற்றை முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.